இருபத்தேழு மணி நாற்பது நிமிஷம்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. பதினோரு வருஷமாக அதற்குள் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் செட் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு ‘பைலட்டம்மா’ என்ற பெயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒட்டிக்கொண்டது.

டாக்டருக்கும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேருக்கும் கூட்டாக ஒரு பழைய விமானம் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். வயதில் அவளைவிட நாலு வருஷம் மூத்தது. ஊருக்கு வெளியே ஒற்றை ஓடுபாதையும் ஒரு தகரக் கொட்டகையுமாக இருந்த கிளப்பில் அதை நிறுத்தி வைத்து, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். கிளப்புக்குச் செயலாளரும் டாக்டர்தான். அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றியதோ, கிளினிக்கில் வேலை செய்கிறவர்களை எல்லாம் கூட்டிப்போய் ஆளுக்குப் பத்து நிமிஷம் மேலே சுற்றிக் காட்டினார். ரிசப்ஷன் பெண் கண்ணை மூடிக்கொண்டு போய்க் கண்ணை மூடிக்கொண்டே வந்து சேர்ந்தாள். கம்பவுண்டர் இறங்கியதும் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். இவள் மட்டும் பெல்ட்டைக் கழற்றாமல், “டாக்டர், இத ஓட்டக் கத்துக்கணும்னா என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“பணம் வேணும்,” என்று சொல்லி டாக்டர் சிரித்தார்.

மறுநாளிலிருந்து அவள் விசாரிக்க ஆரம்பித்தாள். பெரிய பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்தால் எதிர்முனையில் ஒரு பெண் மூச்சு விடாமல் ஒரு தொகையைச் சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டரை வருஷம் எதுவும் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் இருந்தால் சேரக்கூடிய தொகை. “தவணை உண்டா?” என்று கேட்டதற்கு, “உண்டு மேடம், மூணே தவணை,” என்றாள் அந்தப் பெண். மூன்று தவணையில் அதைக் கட்டக்கூடியவர்கள் தவணையே கேட்கமாட்டார்களே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

உதவித்தொகைகளைத் தேடினாள். தேடியதில் பத்தொன்பது அகப்பட்டன. பதினேழுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டக்கூடாது, இவளுக்கு முப்பத்தெட்டு. ஒன்று ராணுவக் குடும்பங்களுக்கு மட்டும். மிச்சமிருந்த ஒன்றின் நம்பருக்குப் பேசினால் மேஜை நாற்காலி விற்கிற கடைக்காரர் எடுத்தார். இன்ஜின் இல்லாத கிளைடரில் தொடங்கினால் செலவு பாதியாகும் என்று எங்கோ படித்தாள். ஆனால் கிளைடர் இருக்கிற இடத்துக்குப் போகவே ஒரு பகல், திரும்ப ஒரு பகல்.

புருஷன் ரொட்டிக் கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். சூட்டிலேயே நின்று நின்று அதிகம் பேசாத மனுஷர். ஆனாலும் கேட்காமல் இருக்கமுடியவில்லை.

“கார் ஓட்டவே தெரியாது, பிளேன் ஓட்டப் போறியா?”

“கார் ஓட்டணும்னு எனக்கு ஆசை வரலையே.”

அவர், “அதுவும் சரிதான்,” என்றார். அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமைகளிலும் வேலைக்கு வருவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் அலைந்து ஓய்ந்த பிறகு டாக்டரே ஒரு நாள், அச்சில் மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றார். “நம்ம கிளப்லயே சேர்ந்துடேன். கேப்டன்கிட்ட பேசிட்டேன். பெட்ரோலுக்கும் வண்டி தேய்மானத்துக்கும் மட்டும் குடு. சொல்லிக் குடுக்கறதுக்கு அவர் தனியா எதுவும் வாங்க மாட்டார். பிளேனக் கழுவறது, கொட்டகையப் பெருக்கறது, ஆபீஸ்ல பேப்பரப் பாத்துக்கறதுன்னு எட்டு மணி நேரம் வேல செஞ்சா அரை மணி நேரம் இலவசம்.”

பள்ளியில் சொன்னதில் அது நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. அவள் உடனே சரி என்றாள். அது எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

கிளப்பின் பயிற்சியாளரான கேப்டனுக்கு ஐம்பத்தாறு வயது. வெள்ளைச் சட்டையை எப்போதும் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்துவார். கோபமே வராது. அவள் என்ன தப்புச் செய்தாலும், “பரவால்லம்மா, வானம் பெருசு,” என்பார். கிளப்பில் அவரிடம் பதினோரு பேர் கற்றுக்கொண்டார்கள். ஒரு கொரியர்காரர், ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்று எல்லாருமே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வந்து சேர்ந்தவர்கள்.

மேலே போனால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காசு. ஆகவே தரையில் எதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியுமோ அதையெல்லாம் அவள் தரையிலேயே கற்றுக்கொண்டாள். பழைய புத்தகக் கடையில் பாடப் புத்தகங்களை வாங்கி மனப்பாடம் செய்தாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, விமானத்தைத் திருப்பும் பிடிக்குப் பதில் கரண்டியையும் கால் பெடல்களுக்குப் பதில் இரண்டு செங்கல்லையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஏழாவது படிக்கும் மகள்தான் கன்ட்ரோல் டவர்.

“டவர், டவர், லேண்டிங் கேக்கறேன்.”

“பாத்திரம் கழுவல. கழுவிட்டு வாங்க, அப்புறம் லேண்டிங்.”

கேப்டன் மற்ற இடங்களைப்போல இல்லாமல் இரண்டாவது வகுப்பிலேயே தரையிறங்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். வேறு பள்ளிகளில் ஏழெட்டு மணி நேரம் பறந்த பிறகுதான் அதைத் தொடவே விடுவார்கள் என்று கொரியர்காரர் சொல்லக் கேட்டபோது அவளுக்கு அவரைப்பற்றிப் பெருமையாக இருந்தது.

லைசென்ஸுக்கு நாற்பது மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வாரத்துக்கு இருபது நிமிஷம், மிஞ்சிப்போனால் அரை மணி. சில வாரம் மழை, சில வாரம் காசில்லை. சமையலறைக் கூரை ஒழுகியது. வாளி வைத்துச் சமாளித்தார்கள். மகளுக்குப் பள்ளிச் சுற்றுலா வந்தது. அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அவர்கள் அவளை வற்புறுத்தவில்லை. பதினோராவது மாதம் கேப்டன் ஓடுபாதை ஓரத்தில் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, “இனி நீங்களே போய்ட்டு வாங்க,” என்றார். பக்கத்து இருக்கை காலியாக, அவள் தனியாக மேலே போனாள். திரும்பி இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் அதைச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லத் தெரியாமல் பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பதினாறு மாதத்தில் இருபத்தேழு மணி நாற்பது நிமிஷம் சேர்ந்தது. அதில் தனியாகப் பறந்தது இரண்டு மணி ஐம்பது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை அடித்தது. பறக்க வழியில்லை. சரி, எட்டு மணி நேரக் கணக்கையாவது ஏற்றிக்கொள்ளலாம் என்று கிளப் ஆபீசில் உட்கார்ந்து அலமாரியை ஒழுங்கு செய்ய ஆரம்பித்தாள். விமானத்தின் காகிதங்கள், இன்ஷூரன்ஸ், மாணவர்களின் படிவங்கள் என்று தனித்தனியாக அடுக்கிக்கொண்டே வந்தவள் கையில் கேப்டனின் பைல் வந்தது. உள்ளே மருத்துவப் பரிசோதனைக் கடிதம் ஒன்று. இதயத் துடிப்புச் சீராக இல்லை, வீட்டில் இரண்டு தடவை மயக்கம் வந்திருக்கிறது, விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று இருந்தது. அதன் பின்னால் குத்தியிருந்த தாளில், பயிற்சி கொடுக்கும் உரிமம் அன்றைய தேதியோடு செல்லாது என்று எழுதியிருந்தது. தேதி பத்தொன்பது மாதத்துக்கு முந்தியது.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. புதுக் கடிதம் வேறெங்காவது இருக்கும் என்று தேடினாள். அலமாரியின் நாலு தட்டையும், மேஜை இழுப்பறைகளையும், குப்பைக் காகித மூட்டையையும்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறையில் பன்னிரண்டு வருஷம் நுணுக்க வேலை பார்த்த கண், இருந்திருந்தால் அகப்பட்டிருக்கும்.

கேப்டன் நனைந்த ஷூவை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார். தரையெல்லாம் காகிதம். அவள் கையில் அந்தத் தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“கேப்டன், இதுக்கப்புறம் வந்த லெட்டர் எங்க இருக்கு?”

“இதுக்கப்புறம் லெட்டர் வரலம்மா.”

வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“ஆறு மாசத்துல சரியாயிடும்னு டாக்டர்ங்க சொன்னாங்க,” என்றார். “மாத்திரைல சரியாயிட்டா மறுபடி டெஸ்டுக்குப் போலாம்னு இருந்தேன். ஆகல. முப்பது வருஷமா இதத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. நான் சொல்லிக் குடுத்ததுல ஏதாவது தப்பு இருக்கா, சொல்லுங்க?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“மேல இருக்கும்போது உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா?”

“அதுக்குத்தானேம்மா எல்லாருக்கும் இறங்கறத மொதல்ல சொல்லிக் குடுத்தேன்.”

அவர் அதை ரொம்ப சாதாரணமாக, ஒரு நல்ல காரியத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

பிறகு அவரே சமாதானமாகப் பேசினார். பரீட்சைக்கு அனுப்பும்போது தன் நண்பர் ஒருவர், உரிமம் உள்ளவர், பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் எல்லாப் பக்கத்திலும் தன் பெயரில் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறது. “உங்க மணி நேரம் எங்கயும் போகாது. இன்னும் பன்னிரண்டு சொச்சம்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிடுங்க.”

அவள் காகிதங்களைப் பழையபடி அடுக்கி அலமாரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புருஷனிடம் சொன்னபோது அவர், “கையெழுத்துப் போட்டுத் தராருன்னா வாங்கிக்கோயேன். நாம என்ன கொலையா பண்றோம்?” என்றார். மகள் தூங்கப் போன பிறகு, இறங்கக் கற்றுக்கொடுத்த காரணத்தையும் சொன்னாள். அவர் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“தெரியும். எனக்குத் தெரியாம கிளப்ல ஒரு பேப்பர் இருக்குமா?”

“தெரிஞ்சுமா டாக்டர் எங்களை அவர்கூட அனுப்பினீங்க?”

“இங்க பாரு. எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கிற ஆளு பெட்ரோல் காசுக்கு வந்து உனக்குச் சொல்லிக் குடுப்பாரா? எத்தனை இடத்துல கேட்ட நீ, எவ்வளவு சொன்னாங்க? வேற எப்படி உனக்கு அந்த விலைக்குக் கெடைக்கும்?” கதவைத் திறக்கப் போனவர் திரும்பிச் சொன்னார்: “எப்படி இவ்வளவு கம்மின்னு நீ ஒரு தடவையாவது கேட்டியா?”

அவள் தன் அறைக்குப் போய் உட்கார்ந்து அன்றைக்கு முடிக்க வேண்டிய மேல் வரிசைப் பற்களை மெழுகில் நிறுத்தினாள். மூன்று தடவை நிறுத்தியும் கோணலாகவே வந்தது.

நர்ஸிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று புதன்கிழமை ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போனாள். நர்ஸ் பத்து மணி நேரம் பறந்திருந்தாள். இரண்டு மூன்று வாரத்தில் தனியாகப் போக வேண்டியவள். இதயம் என்றதும் முகம் மாறியது.

“மயக்கம் வந்திருக்காமா?”

“ரெண்டு தடவை. வீட்ல இருக்கும்போது.”

நர்ஸுக்கு அதன் அர்த்தம் இவளைவிட நன்றாகவே தெரியும். டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தவள் கடைசியில், “இத எதுக்குக்கா என்கிட்ட வந்து சொன்னீங்க?” என்றாள். “சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்ல?”

சனிக்கிழமை அவள் கிளப்புக்குப் போனபோது விமானம் கொட்டகையில் இல்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே கேப்டனும் நர்ஸும். எல்லாம் தெரிந்தும் நர்ஸ் வந்திருக்கிறாள். தனியாகப் போக இன்னும் ஒரு மணி நேரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவள் நினைத்திருப்பாள். இவளுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இந்த ஒரு வாரமாக இவளும் ராத்திரி பகலாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலி ஓரம் நின்று அண்ணாந்து பார்த்தாள். விமானம் திரும்பும் ஒவ்வொரு திருப்பத்திலும், கொஞ்சம் தாழ்ந்து பறக்கும் ஒவ்வொரு தடவையும் அது நிமிரும்வரை எண்ணிக்கொண்டு நின்றாள். ஆறு தடவை சுற்றி, ஆறு தடவை தொட்டு எழும்பி, ஏழாவதில் நின்றது. கேப்டன் இறங்கி, இவளைப் பார்த்து வழக்கம்போலக் கையசைத்தார். சட்டை காலரில் வியர்வை.

அன்று மத்தியானமே விமானத் துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். தன் பெயர், முகவரி, தான் பறந்த மணி நேரம் எல்லாவற்றையும் எழுதினாள். தபாலில் போட்டுவிட்டு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர், “சரி,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒழுகலுக்கு வைத்த வாளியை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு அதிகாரிகள் வந்து விமானத்துக்கு சீல் வைத்தார்கள். அதற்கடுத்த மாதம் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். லாக் புக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் கடுமையாகப் பேசவில்லை. அதனால்தான் தாங்கமுடியவில்லை.

“இதுல எதுவும் செல்லாதும்மா. உரிமம் இல்லாதவர் குடுத்த பயிற்சி, பயிற்சியே இல்லன்னுதான் சட்டம்.”

“மொத்தமுமா சார்?”

“மொத்தமும். முதல்லேர்ந்து தொடங்கணும்.”

“தனியா ஓட்டினேன் சார். ரெண்டு மணி ஐம்பது நிமிஷம். பக்கத்துல யாருமே இல்ல, நான் மட்டும்தான். அதுவுமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதுதான்மா இருக்கறதுலயே பெரிய தப்பு. உங்களைத் தனியா அனுப்ப அவருக்கு அதிகாரமே கெடையாது. நீங்களே எழுதிக் குடுத்ததால உங்க மேல நடவடிக்கை எதுவும் எடுக்கல. அதோட விட்டுடுங்க.” பேசிக்கொண்டே ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து குத்த ஆரம்பித்தார். முப்பத்தோரு பக்கம். ஒவ்வொன்றும் குத்தி முடியும்வரை அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

கொரியர்காரர் போன் செய்து வாய்க்கு வந்தபடி திட்டினார். அவருக்குப் போனது முப்பத்தாறு மணி நேரம். கணக்கு வாத்தியார் திட்டவில்லை. “எனக்கு இனிமே வயசில்லம்மா,” என்று மட்டும் சொன்னார். நர்ஸ் அவள் நம்பரை எடுக்கவே இல்லை. உயிர் பிழைத்ததற்காக யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லையே, எதற்கு நன்றி?

டாக்டர் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பல் செட்டுகளை வெளியே ஒரு லேபுக்கு அனுப்ப ஆரம்பித்தார், அவ்வளவுதான். அவள் காலையில் வந்து, ஜன்னல் இல்லாத அறையில் காய்ந்த அச்சு மாவையும் குளிர்ந்த மெழுகையும் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள். ‘பைலட்டம்மா’ என்று கூப்பிடுவதைக் கம்பவுண்டர்கூட விட்டுவிட்டார். மூன்றாவது மாதம் அவளே எழுதிக் கொடுத்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இன்னொரு லேபில் முக்கால் சம்பளத்துக்குச் சேர்ந்தாள்.

அங்கே சேர்ந்த பிறகு ஒரு நாள் கேப்டன் வாசலில் காத்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, ஆனால் தேய்க்கவில்லை. கேஸுக்கு ஒரு தாள் வேண்டுமாம்: அவர் தனக்கென்று பணம் எதுவும் வாங்கவில்லை என்று மாணவர்கள் எழுதித் தந்தால் வக்கீல் உதவும் என்கிறாராம். அவள் அங்கேயே சுவரில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது உண்மைதானே.

“மத்தவங்க யாராவது குடுத்தாங்களா கேப்டன்?”

“நீங்கதான் மொதல்ல,” என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். முக்கு வரைக்கும் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கூடப் போய்க் கைகொடுக்கலாமா என்று நினைத்தாள். அவருக்குப் பிடிக்காது என்று தோன்றியது, அவளுக்கும் தைரியமில்லை.

அவள் இன்னொரு தடவை பெரிய பள்ளிக்குப் போன் செய்தாள். தொகை ஏறியிருந்தது. இந்தத் தடவை தவணை கேட்கவில்லை.

புருஷன் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டார். அவள் சொல்லவில்லை, அவராகவே முதலாளியிடம் பேசிவிட்டு வந்தார். முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூரையைச் சரி செய்தாகிவிட்டது. துணி துவைத்தாகிவிட்டது. கல்யாணமான பிறகு இந்த மாதிரி ஒரு காலை அவர்களுக்கு வாய்த்ததே இல்லை.

“எங்கயாவது போலாமா?” என்றார் அவர்.

“எங்க?”

அப்படியொரு இடம் அவருக்கும் தெரியவில்லை. எழுந்துபோய் ஜன்னல் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.